பழைய பெட்ரோல் பக்கி மேடு ஏற மறுக்கிறது: கன்வெர்ட்டரை வெட்டி எடுப்பதா, மாற்றுவதா?

டோங்காட்_காய்கறி, ஆகஸ்ட் 14, இரவு 8.40

எல்லாருக்கும் வணக்கம். நான் தென்னாப்பிரிக்காவில் டர்பன் பக்கம் டோங்காட்டில் இருக்கிறேன். வண்டி 2007 மாடல், ஒரு டன் பெட்ரோல் பக்கி (பின்னால் சரக்குத் தொட்டி வைத்த சின்ன வண்டி), நாலு சிலிண்டர், 3,12,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. வெள்ளி, சனி இரண்டு நாளும் டோங்காட்டிலிருந்து சாட்ஸ்வொர்த் பங்களாதேஷ் மார்க்கெட்டுக்குக் காய்கறி ஏற்றிப் போகிறேன். செவ்வாய்க்கிழமை மாரிட்ஸ்பர்க் தாண்டி ஹோவிக் வரை ஒரு நடை.

மூன்று வாரமாக வண்டியில் பிக்கப் சுத்தமாக இல்லை. ஸ்டார்ட் ஆகிறது, ஐடிலிங் பரவாயில்லை, தட்டையான ரோட்டில் 80 வரை போகிறது. மேடு வந்தால் போச்சு. போன செவ்வாய், மாரிட்ஸ்பர்க் தாண்டி வருகிற டவுன் ஹில் ஏற்றத்தில் இரண்டாவது கியரில் 35க்கு மேல் போகவில்லை, பின்னால் லாரிக்காரர்கள் லைட் அடித்துக்கொண்டே வந்தார்கள். 3,000 ஆர்பிஎம்மைத் தாண்டினால் யாரோ பின்னாலிருந்து பிடித்து இழுப்பது போல இருக்கிறது. பக்கத்து சீட்டின் கீழே தரை செருப்பு வழியாகச் சுடுகிறது. காலையில் ஸ்டார்ட் செய்ததும் அடியில் கலகலவென்று ஒரு சத்தம்.

சைலன்சர் கடைக்காரர் ஒருவர் கீழே போய்ப் பார்த்துவிட்டு, "கன்வெர்ட்டர் அடைத்துவிட்டது. வெட்டி எடுத்துவிட்டு நேர் குழாய் வைத்துத் தருகிறேன். கூலி வேண்டாம், பழையது எனக்கு" என்றார். கன்வெர்ட்டர் என்பது சைலன்சருக்கு முன்னால் இருக்கிற, எஞ்சின் புகையின் நச்சைக் குறைக்கிற டப்பா. ஏஜென்சியில் புதுசுக்கு விலை கேட்டேன். இன்று இந்த வண்டியை விற்றால் கிடைக்கும் பணத்தில் மூன்றில் ஒரு பங்கு சொல்கிறார்கள். புரட்டாசி வருகிறது. நம் ஆட்கள் வீட்டுக்கு வீடு மரக்கறி சாப்பிடுகிற மாதம், எனக்கு வருஷத்தில் பெரிய வியாபாரம் அதுதான். அதற்குள் வண்டி சரியாக வேண்டும். என்ன செய்வது?

லெனேசியா_ஓட்டி, ஆகஸ்ட் 14, இரவு 9.15

யோசிக்கவே வேண்டாம், வெட்டுங்கள். என் பழைய பக்கியில் நாலு வருஷத்துக்கு முன் எடுத்தேன். இழுவை திரும்ப வந்தது, சத்தம் கொஞ்சம் கூடியது, அவ்வளவுதான். ரோட்வர்த்தி என்கிற வண்டித் தகுதிச் சோதனைக்குப் போனபோது எங்கள் டெஸ்ட் கிரவுண்டில் யாரும் குழாயில் மீட்டர் வைத்துப் பார்க்கவில்லை. பழைய வண்டிக்கு அவ்வளவு பணம் போடுவது நியாயமா?

சாட்ஸ்வொர்த்_பட்டறை, ஆகஸ்ட் 14, இரவு 10.02

தம்பி, கொஞ்சம் பொறு. வெட்டுவதை எப்போது வேண்டுமானாலும் வெட்டலாம்.

நான் ஜேக்கப்ஸ் பக்கம் முப்பத்தொரு வருஷம் பட்டறையில் நின்றவன். கன்வெர்ட்டர் தானாகச் செத்து நான் பார்த்தது மிகக் குறைவு. யாராவது கொன்றிருப்பார்கள். ஒரு சிலிண்டர் எரியாமல் மிஸ்ஸிங் அடிக்கிற எஞ்சின், ஒழுகுகிற இன்ஜெக்டர், ஆயில் குடிக்கிற ரிங், ஹெட் கேஸ்கெட் வழியாகக் கசிகிற கூலன்ட், இவற்றில் ஒன்று. அந்த ஆளைப் பிடிக்காமல் புதுசு மாட்டினால் அதுவும் ஆறு மாதத்தில் போகும். அப்புறம் கன்வெர்ட்டர் மட்டம், கம்பெனி மட்டம் என்று பேச்சு வரும்.

அதனால் முதலில் இதைச் சொல். மஞ்சள் எஞ்சின் விளக்கு எரிந்ததா? எரிந்தது என்றால் நிலையாக எரிந்ததா, மினுக்கியதா? மினுக்கல் என்றால் மிஸ்ஸிங் கடுமையாக இருக்கிறது, கன்வெர்ட்டர் வேகிறது, வண்டியை ஓரம் கட்டு என்று அர்த்தம். ஆயில் எவ்வளவு குறைகிறது? ரேடியேட்டரில் தண்ணீர் குறைகிறதா? அழுகின முட்டை நாற்றம் வந்ததா?

அடைப்பா இல்லையா என்பதைக் கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. அந்தக் கடைக்காரர் எதை வைத்துச் சொன்னார் என்று எனக்குத் தெரியவில்லை. எஞ்சின் நன்றாக ஆறின பிறகு கன்வெர்ட்டரைக் கையால் பிடித்துக் குத்திப் பார். தகரடப்பாவில் கூழாங்கல் போட்டு ஆட்டுவது போலக் கேட்டால் உள்ளே இருக்கிற தேன்கூடு மாதிரியான பீங்கான் உடைந்திருக்கிறது. மேலே இருக்கிற வெப்பத் தகடு தளர்ந்திருந்தாலும் இதே சத்தம் வரும், அதனால் தகட்டை ஒரு கையால் அழுத்திக்கொண்டு குத்து.

அடுத்தது பேக்பிரஷர், அதாவது புகை வெளியே போக முடியாமல் பின்னால் தள்ளுகிற அழுத்தம். கன்வெர்ட்டருக்கு முன்னால் இருக்கிற ஆக்சிஜன் சென்சாரைக் கழற்றி அந்த ஓட்டையில் பேக்பிரஷர் கேஜைத் திருகு. ஐடிலிங்கில் 10 கிலோபாஸ்கலுக்குள், 2,500 ஆர்பிஎம்மில் 20க்குள் நின்றால் வழி திறந்திருக்கிறது. அதற்கு மேல் ஏறினால் அடைப்பு. கன்வெர்ட்டரிலா, அதற்குப் பின்னால் சைலன்சரிலா என்பது அடுத்த கேள்வி. பத்து நிமிட வேலை. இதைச் செய்யாமல் வெட்டரம்பத்தை எடுக்காதே.

டோங்காட்_காய்கறி, ஆகஸ்ட் 15, காலை 5.20

பட்டறை அண்ணா, உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். ஜூனில் விளக்கு மினுக்கியது. ஐடிலிங்கில் வண்டி தடதடவென்று ஆடியது. அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியாது. ஜூலையில் கோவில்களில் ஆடிக் கூழ் ஊற்றுகிற நேரமும் வந்துவிட்டது, அண்டாக்களையும் ஆட்களையும் ஏற்றிக்கொண்டு வாரக் கடைசியெல்லாம் அலைந்தேன். ஜூலைக் கடைசியில்தான் ஒரு பையன் ஸ்கேனர் வைத்துப் பார்த்தான். பி0303 என்ற பிழை எண், மூன்றாவது சிலிண்டரில் மிஸ்ஸிங் என்று அர்த்தம். அங்கிருந்த காயிலை (பிளக்குக்குப் பொறி தருவது) இரண்டாவதுக்கு மாற்றினதும் பிழை எண்ணும் பி0302 என்று மாறியது. புதுக் காயில் போட்டதும் ஆட்டம் நின்றது. கிட்டத்தட்ட ஏழு வாரம் அப்படியே ஓட்டியிருக்கிறேன். இப்போது பி0420 காட்டுகிறது, கன்வெர்ட்டர் சரியாக வேலை செய்யவில்லை என்கிற எண்.

ஆயில் ஆயிரம் கிலோமீட்டருக்குக் கால் லிட்டர் போல ஊற்றுகிறேன். தண்ணீர் குறையவில்லை. முட்டை நாற்றம் ஜூன், ஜூலையில் இருந்தது, எங்கள் வீட்டில் கூட முகம் சுளித்தார்கள். குத்திப் பார்த்தேன், தகட்டை அழுத்திக்கொண்டுதான். கூழாங்கல் சத்தமேதான்.

2022 ஏப்ரல் வெள்ளத்தில் இந்த வண்டியை இடுப்பளவுத் தண்ணீரில் ஓட்டி வெளியே கொண்டுவந்தேன். அதுவும் காரணமாக இருக்குமா?

ஜோபர்க்_மேட்டுநிலம், ஆகஸ்ட் 15, பகல் 12.48

வெள்ளம் காரணமாக இருக்கலாம். ஓடிக்கொண்டிருக்கிற கன்வெர்ட்டர் பல நூறு டிகிரியில் இருக்கும், அதன்மேல் சில்லென்று தண்ணீர் ஏறினால் உள்ளே இருக்கிற பீங்கான் விரிசல் விடும். அன்றைக்கு விட்ட கீறல், இந்த ஜூன் சூட்டில் உடைந்திருக்கும்.

பேக்பிரஷர் கேஜ் கிடைக்கவில்லை என்றால் வேக்குவம் கேஜும் போதும். இன்டேக் மேனிஃபோல்டில் ஒரு வேக்குவம் குழாயைப் பிடுங்கி இணைத்து, 2,500 ஆர்பிஎம்மில் ஒரு நிமிடம் பிடித்து நிறுத்துங்கள். வழி திறந்திருந்தால் முள் ஐடிலிங் அளவுக்கே, கொஞ்சம் கூடக்கூட, வந்து நிற்கும். அடைத்திருந்தால் மெதுவாக இறங்கிக்கொண்டே போகும்.

ஒன்று கவனிக்க வேண்டும். இணையத்தில் ஐடிலிங் வேக்குவம் என்று போட்டிருக்கிற 17 முதல் 21 அங்குலம் (பாதரசம்) என்பது கடல்மட்டத்துக் கணக்கு. டர்பன்காரருக்கு அது சரி. நான் இருக்கும் ஜோகன்னஸ்பர்க் 1,700 மீட்டருக்கு மேல். ஆயிரம் அடிக்கு ஓர் அங்குலம் வீதம் குறையும், அதனால் எங்கள் ஊரில் நல்ல எஞ்சினே 12, 13 தான் காட்டும். இது தெரியாமல் என் மச்சான் நல்ல எஞ்சினைப் பிரித்து வால்வு வேலை செய்தார். இங்கே இதைப் படிக்கிற ஹைவெல்டு, அதாவது எங்கள் மேட்டுநிலத்து ஆட்களுக்காகச் சொல்கிறேன்.

ரஸ்டன்பர்க்_ஆய்வகம், ஆகஸ்ட் 15, இரவு 7.31

டோங்காட் தம்பி, உங்கள் வண்டிக்குக் கீழே இருப்பது எங்கள் ஊர்ச் சரக்கு. அதனால் இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகப் பேச ஆசை.

அந்த டப்பாவுக்குள் இருப்பது கார்டியரைட் என்கிற பீங்கானால் செய்த தேன்கூடு. ஒரு சதுர அங்குலத்தில் நானூறு கண் இருப்பது சாதாரணம். கண்களின் சுவரில் அலுமினா, சீரியா கலந்த மெல்லிய பூச்சு, அந்தப் பூச்சுக்குள் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம். மூன்றும் சேர்ந்தே மொத்தத்தில் சில கிராம்தான் இருக்கும். பிளாட்டினமும் பல்லேடியமும் கார்பன் மோனாக்சைடையும் எரியாத பெட்ரோலையும் எரித்து முடிக்கும். ரோடியம் நைட்ரஜன் ஆக்சைடை உடைத்து வெறும் நைட்ரஜனாக்கும். 300 டிகிரி வந்த பிறகுதான் வேலையே ஆரம்பிக்கும், ஓட்டத்தில் 400 முதல் 800 வரை இருக்கும்.

ஒரு சிலிண்டர் எரியாமல் விட்டால் அதன் பெட்ரோலும் காற்றும் அப்படியே இங்கே வந்து எரிகின்றன. அடுப்பில் எரிய வேண்டியது புகைக்கூண்டில் எரிகிற மாதிரி. சூடு ஆயிரத்தைத் தாண்டும்போதே பூச்சு கெட்டுப்போகும், 1,400க்கு மேல் பீங்கானே உருகும். உருகினது கண்களை மூடிக்கொண்டு கட்டியாகிவிடும். உங்கள் சீட்டின் கீழே தரை சுடுவது அதனால்தான்.

அந்தக் கடைக்காரர் ஏன் இலவசமாகச் செய்கிறேன் என்றார் என்பதற்கு வருகிறேன். 1924ல் மெரென்ஸ்கி கண்டுபிடித்த பாறையடுக்கு எங்கள் ஊர்ப் பக்கமாகத்தான் ஓடுகிறது. உலகத்தில் தோண்டியெடுக்கிற ரோடியத்தில் ஐந்தில் நாலு பங்கு இந்த நாட்டிலிருந்து போகிறது. 2021ல் ரோடியம் ஓர் அவுன்ஸ் 25,000 டாலரைத் தாண்டிப் போனது. இப்போது விலை அந்த அளவுக்கு இல்லை. ஆனாலும் கம்பெனியோடு வந்த பழைய கன்வெர்ட்டர், செத்துப்போனதாக இருந்தாலும், உலோகத்துக்கு விலை உண்டு. அது உங்கள் பணம். இலவசம் என்று கொடுத்துவிடாதீர்கள்.

லெனேசியா_ஓட்டி, ஆகஸ்ட் 15, இரவு 8.10

அக்கா சொன்ன விலை விஷயம் எனக்குத் தெரியாது. நானும் சும்மா கொடுத்துவிட்டுத்தான் வந்தேன். ஆனால் என் கேள்வி அப்படியே இருக்கிறது. வாரம் முழுக்க உழைத்துச் சம்பாதிக்கிறவன் இவ்வளவு செலவு செய்து என்ன காண்கிறான்? வண்டி ஓடுவதற்குக் கன்வெர்ட்டர் தேவையில்லைதானே?

வெருலம்_கரும்பு, ஆகஸ்ட் 16, காலை 6.05

ஓடுவதற்குத் தேவையில்லை. மூச்சு விடத் தேவை.

நானும் ஒரு பக்கியில் வெட்டி எடுத்தவன். கரும்பு வெட்டுகிற ஆட்கள் பின்னால் உட்கார்ந்து வருவார்கள், தொட்டிக்குமேல் கேனபி என்கிற மூடி போட்ட வண்டி. எடுத்த ஒரு மாதத்தில் ஆட்கள் தலைவலி என்றார்கள், ஒரு பெண் வழியில் இறங்கி வாந்தி எடுத்தாள். வெயில் என்று நினைத்தேன். ஒரு நாள் மகனை ஓட்டச் சொல்லிவிட்டு நானே பின்னால் உட்கார்ந்து வந்தேன். வெருலமிலிருந்து என்டுவெட்வே வரை இருபது நிமிடம்தான். கேனபியின் பின்கதவைத் திறந்துவைத்தால் வண்டியின் புகையை வண்டியே உள்ளே இழுக்கிறது. கண் எரிந்தது, நெற்றியைக் கயிறு போட்டு இறுக்கின மாதிரி இருந்தது. கார்பன் மோனாக்சைடுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. அந்த வாரமே புதுக் கன்வெர்ட்டர் மாட்டினேன். ஆட்களை அப்படி ஏற்றுவதையும் நிறுத்திவிட்டேன்.

இன்னொன்று. மாற்றும்போது பழைய வெப்பத் தகடுகளைத் திரும்ப மாட்டச் சொல்லுங்கள். துருப்பிடித்தது என்று தூக்கி எறிந்துவிடுவார்கள். காய்ந்த கரும்புத் தோகைமேல் சூடான கன்வெர்ட்டரோடு வண்டியை நிறுத்தினால் தீப் பிடிக்கும். எங்கள் பக்கத்துத் தோட்டத்தில் ஒரு மூலை அப்படித்தான் போனது.

டோங்காட்_காய்கறி, ஆகஸ்ட் 19, மாலை 4.55

எங்கள் பேட்டையில் ஒருவரிடம் கேஜ் இருந்தது, கொண்டுவந்து பார்த்தோம். சென்சாரைக் கழற்றத்தான் அரை நாள். முந்தின ராத்திரி துரு எண்ணெய் அடித்து வைத்தும் அசையவில்லை. எஞ்சினை ஐந்து நிமிடம் ஓடவிட்டு, லேசான சூட்டில் பக்கவாட்டில் வெட்டு வைத்த 22 மில்லிமீட்டர் சாக்கெட்டைப் போட்டதும் கிரீச்சென்று திரும்பியது.

ஐடிலிங்கில் 14. 2,500ல் 58 கிலோபாஸ்கல், பிடித்து நிற்க நிற்க இன்னும் ஏறியது. சென்சார் ஓட்டை திறந்திருக்கும்போதே தெருக் கோடி வரை ஓட்டினோம். காது பிளக்கிற சத்தம், ஆனால் வண்டி குதிரை மாதிரிப் பாய்ந்தது. சந்தேகமில்லை.

வெருலம் ஐயா எழுதியதைப் படித்துவிட்டு வெட்டுகிற எண்ணத்தை விட்டுவிட்டேன். வெள்ளிக்கிழமை விடியற்காலையில் என் மனைவியும் மகளும் இந்த வண்டியில்தான் மார்க்கெட்டுக்கு வருகிறார்கள். இனி எதை வாங்குவது என்று சொல்லுங்கள். ஏஜென்சி விலை என்னால் முடியாது.

சாட்ஸ்வொர்த்_பட்டறை, ஆகஸ்ட் 19, இரவு 9.20

58 என்றால் எஞ்சின் மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடியிருக்கிறது. பாவம்.

வாங்குவதைப் பற்றிச் சொல்கிறேன். ஸ்கிராப் யார்டில் பழையது எடுக்காதே. அது உள்ளே எப்படி இருக்கிறது என்று உனக்கும் தெரியாது, விற்கிறவனுக்கும் தெரியாது. அதைவிட முக்கியம், ராத்திரி தெருவில் நிற்கிற வண்டியிலிருந்து அறுத்த சரக்கு நிறைய உலவுகிறது. 2009ல் வந்த செகண்ட் ஹேண்ட் பொருள் சட்டப்படி வியாபாரி போலீஸில் பதிவு செய்திருக்க வேண்டும், விற்கிறவர் யார் என்று அடையாளம் பார்த்து எழுதிவைக்க வேண்டும். ரசீது தராத இடத்தில் வாங்கவும் வேண்டாம், விற்கவும் வேண்டாம்.

வெளிச் சந்தையில் புதிதாக இரண்டு வகை கிடைக்கும். ஒன்று உன் வண்டிக்கென்றே ஃபிளாஞ்சு (போல்ட் போடுகிற விளிம்பு), சென்சார் ஓட்டை எல்லாம் வைத்து வருவது. போல்ட்டைக் கழற்றி மாட்டினால் முடிந்தது. இன்னொன்று எல்லா வண்டிக்கும் பொது, இரண்டு பக்கமும் வெறும் குழாய், வெட்டி வெல்டு வைக்க வேண்டும். இரண்டாவது சல்லிசு. சல்லிசாக இருப்பதற்குக் காரணம் உள்ளே உலோகம் குறைவு. சிலது ஒரு வருஷத்திலேயே பி0420ஐத் திரும்பக் காட்டும். எஞ்சின் அளவுக்குத் தகுந்ததா, எத்தனை மாத வாரண்டி, எந்த யூரோ புகைத் தரத்துக்குச் செய்தது என்று கேள். டப்பாவின் பரிமாணத்தையும் எடையையும் பழையதோடு ஒப்பிட்டுப் பார். கையில் எடுத்ததும் லேசாக இருந்தால் எனக்குப் பிடிக்காது.

ஆயில் கால் லிட்டர் என்றாய். இந்த வயசு எஞ்சினுக்கு அது பெரிய குற்றம் இல்லை, ஆனாலும் கவனி. ஆயிலில் இருக்கிற பாஸ்பரஸ் எரிந்து வந்து அந்தப் பூச்சின்மேல் படியும். நாலு பிளக்கையும் கழற்றிப் பார்த்து மூன்றாவது மட்டும் கறுத்திருந்தால் அந்த இன்ஜெக்டரையும் பார். ஸ்கேனரில் நீண்டநாள் ஃபியூவல் டிரிம், அதாவது கம்ப்யூட்டர் பெட்ரோலைக் கூட்டிக் குறைக்கிற அளவு, கூட்டலிலும் கழித்தலிலும் பத்து சதவீதத்துக்குள் நிற்கிறதா என்று பார்த்த பிறகு புதுசை மாட்டு.

ஐசிபிங்கோ_வெல்டர், ஆகஸ்ட் 20, காலை 10.30

கழற்றுகிற வேலை என் பக்கம், அதனால் நானும் சொல்கிறேன். கடற்கரை வண்டிகளில் உப்புக் காற்று ஃபிளாஞ்சு நட்டுகளைத் தின்றுவிடும். 14 சாவி போட்டால் 13 ஆகியிருக்கும். இரண்டு நாள் முன்னாலிருந்தே காலையும் மாலையும் துரு எண்ணெய் அடியுங்கள். உடையப்போகிறது என்று தெரிந்தால் உடையட்டும், புது ஸ்டட் (தலையில்லாத போல்ட்) போட்டுக்கொள்ளலாம். மேனிஃபோல்டுப் பக்கத்து ஸ்டட் மட்டும் உடையக் கூடாது, அதைச் செக்கச்செவேலென்று சூடு காட்டித்தான் கழற்ற வேண்டும். சூடு காட்டுவதற்கு முன் பெட்ரோல் குழாய் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று கையால் தொட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் படுக்காதீர்கள். ஸ்டாண்டு வைத்து, பின்சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து, வண்டியை ஒரு தரம் தள்ளிப் பார்த்துவிட்டுப் படுங்கள். இதற்காக ஓர் ஆளைத் தகனத்துக்குக் கொண்டுபோனவர்கள் நாங்கள்.

வெல்டு வைப்பதென்றால் பேட்டரி நெகட்டிவைக் கழற்றி, இரண்டு சென்சார் பிளக்கையும் பிரித்து, எர்த் கிளாம்பை வெல்டு வைக்கிற குழாயிலேயே போட வேண்டும். சேசிஸின் அந்தக் கோடியில் போட்டால் கரண்ட் கம்ப்யூட்டர் வழியாகத் தேடிக்கொண்டு போகும். டப்பாமேல் அம்புக்குறி இருக்கும், அது பின்பக்கம் பார்க்க வேண்டும். கேஸ்கெட்டும் நட்டும் புதுசாகப் போடுங்கள். முன் சென்சாருக்கு முன்னால் ஊசியளவு கசிவு இருந்தாலும் காற்றை உள்ளே இழுக்கும், கம்ப்யூட்டர் பெட்ரோல் போதவில்லை என்று நினைத்து அதிகம் ஊற்றும், திரும்பவும் அதே கதை. சாதாரண சிலிக்கோன் பசை அங்கே தடவவே கூடாது, அதன் ஆவி சென்சாரைக் கெடுத்துவிடும்.

டோங்காட்_காய்கறி, ஆகஸ்ட் 26, இரவு 7.45

இன்று முடிந்தது. போல்ட்டில் மாட்டுகிற வகையே வாங்கினேன். ஏஜென்சி விலையில் நாலில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் மேல், இரண்டு வருஷ வாரண்டி, ரசீதோடு. பிளக் நாலும் புதுசு. மூன்றாவது கறுப்பாக இருந்தது, ஆனால் மற்றதைவிட ரொம்ப இல்லை. டிரிம் கூட்டலில் நாலு.

பின் ஃபிளாஞ்சில் ஒரு ஸ்டட் உடைந்தது. நடுவில் கரண்டும் போனது. டிரில் போட முடியாமல் இரண்டரை மணிநேரம் சும்மா உட்கார்ந்திருந்தோம்.

பழையதைக் கீழே இறக்கி டார்ச் அடித்துப் பார்த்தேன். முன்பக்கத்தில் பாதி, உருகின வெல்லம் மாதிரி வழிந்து உறைந்திருந்தது. கண் ஒன்றுகூட இல்லை, சாம்பல் நிறத்தில் வழவழவென்று ஒரே பாறை. மறுபாதியில் தேன்கூடு தெரிந்தது, ஆனால் நடுவே ஒரு பெரிய விரிசல். பின்பக்கம் ஒரு பிடி பீங்கானையே காணோம். அது எங்கே போனது?

புதுசை மாட்டி ஸ்டார்ட் செய்ததும் பத்து நிமிடம் வெள்ளைப் புகையும் காரமான வாடையும் வந்தது, அப்புறம் நின்றது. பிக்கப் முன்னைக்கு எவ்வளவோ தேவலை. ஆனால் பழைய வேகம் முழுசாக வரவில்லை என்று எனக்குத் தோன்றுகிறது.

சாட்ஸ்வொர்த்_பட்டறை, ஆகஸ்ட் 26, இரவு 8.03

புகையும் வாடையும் உள்ளே பீங்கானைச் சுற்றியிருக்கிற மெத்தையும் கையில் பட்ட எண்ணெயும் எரிவதால் வருவது, பயப்பட ஒன்றும் இல்லை.

காணாமல்போன பீங்கான் உன் சைலன்சரில் இருக்கிறது. கேஜை இன்னொரு தரம் போடு. 20க்கு மேல் காட்டினால் சைலன்சரைக் கழற்றித் தலைகீழாகப் பிடித்து உதறிப் பார். புதுசு போட்டும் இழுக்கவில்லை என்று வருகிற வண்டிகளில் இதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

டோங்காட்_காய்கறி, ஆகஸ்ட் 27, பகல் 1.15

அண்ணா, 2,500ல் 27 காட்டியது. கழற்றி உதறினதில் கடலை அளவு, பட்டாணி அளவு என்று ஒரு சின்னக் கிண்ணம் நிறையப் பீங்கான் துண்டு கொட்டியது. இன்னும் உள் தடுப்புக்குள் சிக்கியிருக்கிறது, வர மறுக்கிறது. சைலன்சரும் அடியில் துரு தின்று மெலிந்திருந்தது, புதுசே போட்டுவிட்டேன். இப்போது 2,500ல் 9.

ரஸ்டன்பர்க்_ஆய்வகம், ஆகஸ்ட் 27, மாலை 6.40

தம்பி, அந்தத் துண்டுகளைத் துடைப்பத்தால் பெருக்காதீர்கள். ஈரத் துணியால் துடைத்து, பையில் கட்டி, பழைய டப்பாவோடு வையுங்கள். பீங்கான் தூளும் அந்த மெத்தையின் நாரும் நுரையீரலுக்கு ஆகாது. உள்ளே இருப்பதை எடுத்து விற்கலாம் என்று சிலர் வீட்டு முற்றத்தில் உளியால் உடைக்கிறார்கள், குழந்தைகள் விளையாடுகிற இடத்தில். தயவுசெய்து வேண்டாம். முழு டப்பாவாக, வண்டிப் பதிவுப் பத்திரமும் அடையாள அட்டையும் எடுத்துக்கொண்டு, பதிவு பெற்ற வியாபாரி இரண்டு மூன்று பேரிடம் விலை கேளுங்கள். டப்பாமேல் அடித்திருக்கிற எண்ணை வைத்துத்தான் விலை சொல்வார்கள், அதைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

ஜோபர்க்_மேட்டுநிலம், ஆகஸ்ட் 28, காலை 9.12

பழைய வண்டி வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. 2006 ஜனவரியில் இங்கே ஈயம் கலந்த பெட்ரோல் நின்றது. அதற்கு முன்னால் செய்த கன்வெர்ட்டர் இல்லாத வண்டிகள் பல இன்னும் ஓடுகின்றன. என் 1998 பக்கிக்கும் கம்பெனியே வைக்கவில்லை. அடியில் டப்பாவைத் தேடி இல்லையென்றால் திருடு போனது என்று பயப்பட வேண்டாம். பின்னால் ஆக்சிஜன் சென்சார் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்து டப்பா மட்டும் இல்லையென்றால் யாரோ எடுத்திருக்கிறார்கள்.

டோங்காட்_காய்கறி, செப்டம்பர் 22, இரவு 9.30

நாலு வாரம் ஆயிற்று, சொல்லிவிட்டுப் போகலாம் என்று வந்தேன். செவ்வாய்க்கிழமை முழு லோடு, மடும்பி (சேப்பங்கிழங்கு) பதினெட்டு மூட்டை, டபுள் பீன்ஸ், கொத்தமல்லிக் கட்டு. டவுன் ஹில்லில் மூன்றாவது கியரில் 70. விளக்கு எரியவில்லை. ஸ்கேனரில் பார்த்தால் முன் சென்சார் மேலும் கீழும் குதிக்கிறது, பின் சென்சார் 0.65 வோல்ட்டில் கோடு போட்ட மாதிரி நிற்கிறது. முன்பு இரண்டும் சேர்ந்து குதித்தன. பெட்ரோலும் டேங்குக்கு அறுபது கிலோமீட்டர் போலக் கூட வருகிறது. தரை சுடவில்லை.

பழைய டப்பாவுக்கு மூன்று இடத்தில் விலை கேட்டேன். கடைசியில் கிடைத்த பணத்தில் புது சைலன்சரின் செலவு போக நாலு பிளக்கின் விலையும் வந்துவிட்டது. அக்காவுக்கு நன்றி. வெருலம் ஐயா, தகடுகளை நெளிவெடுத்து, புது போல்ட் போட்டு மாட்டியிருக்கிறேன்.

லெனேசியா_ஓட்டி, செப்டம்பர் 23, காலை 7.50

இரண்டு வாரமாக இதைத் திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருந்தேன். போன ஞாயிறு வீட்டுக்காரியைப் பின் சீட்டில் உட்காரவைத்து, சன்னலைத் திறந்து ஒரு சுற்று வந்தேன். அவள் சொன்னதைக் கேட்ட பிறகு நானும் புதுசு போடுவதென்று முடிவெடுத்துவிட்டேன். என் எஞ்சினும் காலையில் லேசாக மிஸ்ஸிங் அடிக்கிறது, முதலில் அதைப் பார்க்க வேண்டும். தீபாவளிக்கு டர்பன் வருகிறேன். அந்த கேஜ் கிடைக்குமா?

டோங்காட்_காய்கறி, செப்டம்பர் 23, காலை 8.05

வாங்க அண்ணா. கேஜ்காரர் எங்கள் பக்கத்து வீடுதான், சொல்லி வைக்கிறேன். வெட்டு வைத்த 22 சாக்கெட் என்னிடமே இருக்கிறது. கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்னாலிருந்தே சென்சார் அடியில் எண்ணெய் அடித்துக்கொண்டு வாருங்கள், இங்கே வந்து காத்திருக்க வேண்டாம்.